இருபதின் பின்பக்கம்

அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியும் டிக்கெட்காரிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வராததைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் ஊசி போட்டால் கன்னம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகுமே, அப்படித்தான் இருந்தது. காலையில் எழுந்தாள், குளித்தாள், ஏழரைக்கெல்லாம் பஸ் டிப்போவின் இரண்டாம் கவுன்டரில் போய் உட்கார்ந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் கை நீட்டியவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள். துக்கம் விசாரித்தவர்களிடம் "ஆமாங்க, திடீர்னுதான்" என்றாள்.

புதிதாக ஒரே ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மாலையில் கல்லாவை ஒப்படைப்பதற்கு முன், அன்று விழுந்த நோட்டுகளில் இருபதுகளை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, தன் பையிலிருந்து அதற்குச் சரியாகப் பத்துகளை உள்ளே வைப்பாள். ஒன்றாம் கவுன்டர்க்காரியும் விஷயம் தெரிந்து, "எங்கிட்ட நாலு இருபது இருக்குடி, வேணுமா?" என்று கேட்டுக் கொடுப்பாள். சம்பளம் கொடுக்கும் கேஷியரிடமும் "எனக்கு இருபதாவே குடுங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருபதுகள் சேர்ந்துவிட்டன. ஏனென்றால் இருபதின் பின்பக்கத்தில் அம்மா இருந்தாள்.

முன்பக்கத்தில் துறைமுகம். பின்பக்கத்தில் ஒரு டெலிபோன் ஆபரேட்டர். தலையில் ஹெட்ஃபோன், வலது கையில் ஒரு வயரின் முனை, பக்கத்தில் ஆளுயரப் பலகை, பலகை முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகளும் விளக்குகளும். பலகையைப் பார்க்காமல் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். நாடு முன்னேறிவிட்டது என்று நாட்டுக்கே சொல்லிக்கொள்வதற்காக, முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் அடித்த நோட்டு அது. படத்தின் கீழே பெயர் கிடையாது. 'தொலைபேசி நிலையம்' என்று மட்டும் எறும்பு எழுத்தில் இருக்கும். முன்னேற்றத்துக்கு எதற்குப் பெயர்?

நோட்டு வந்தபோது டிக்கெட்காரிக்கு ஏழு வயது, அண்ணனுக்கு ஒன்பது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வீட்டில் கதையே வேறு. அம்மா இருபது நோட்டைக் கையில் வாங்கமாட்டாள். கடையில் மீதி கொடுக்கும்போது இருபது வந்தால், "பத்தா குடுங்க" என்பாள். சில்லறை இல்லை என்று கடைக்காரர் சொன்னால், "பரவால்ல, நாளைக்கு வாங்கிக்கறேன்" என்று சும்மாவே வந்துவிடுவாள். சம்பளத்தையும் பத்தாகத்தான் வாங்குவாள். மாதம் பிறந்தால் அவள் கைப்பை செங்கல் வைத்ததுபோல உப்பிக்கொண்டிருக்கும். டெலிபோன் இலாகா பெருமையாகக் கண்ணாடி போட்டுக் கொடுத்த முதல் நோட்டையும் பெட்டிக்கு அடியில் துணிகளுக்குக் கீழே தள்ளிவிட்டாள். பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. "தன்னையே செலவு பண்ண மனசு வரல" என்பான் அண்ணன். "அம்மாவ எடுத்து மீன்காரிகிட்ட குடுத்துட்டேன்" என்று ஓடுவான். அம்மா அதற்குச் சிரிக்கவும் மாட்டாள், திட்டவும் மாட்டாள். மேஜையில் கிடக்கும் இருபதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள்.

அப்பா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். டிக்கெட்காரிக்கு ஒரு கல்யாணம் நடந்து, ஒன்றரை வருஷத்தில் அது தானாகவே ஓய்ந்துபோய், அவள் அம்மாவோடேயே வந்து தங்கிவிட்டாள். பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் இரண்டு பெண்கள். அம்மா அவளைக் கூப்பிட்டு எழுப்புவதில்லை. வந்து இடது தோளில் இரண்டு தட்டுத் தட்டுவாள். ஆபரேட்டர்கள் பழக்கம் அது. காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பவளைக் கூப்பிட்டால் கேட்காது. அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவள் பின்னால் வந்து நின்று தோளில் இரண்டு தட்டுவாள். எழுந்திரு, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அம்மா எழுந்திருக்கும் நேரமாகியும் வராமல் இருக்க, டிக்கெட்காரிதான் போய் அவள் தோளில் இரண்டு தட்டினாள். பிறகு இன்னும் இரண்டு தட்டினாள். அம்மா எழுந்திருக்கவில்லை.

அம்மா சிரித்த படம் என்று வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாப் போட்டோவிலும் உதட்டை இறுக்கிக்கொண்டு, யாரோ கணக்குக் கேட்டதுபோல நிற்பாள். நோட்டில் மட்டும்தான் சிரித்தாள். அந்தச் சிரித்த அம்மா யார் யாரோ கையிலிருந்து, கசங்கியும் மடங்கியும், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை கம்பியைத் தாண்டி மகளிடம் வந்துகொண்டிருந்தாள். செத்துப்போனவள் வந்துகொண்டே இருக்கிறாள் என்பதுதான் டிக்கெட்காரியை விழாமல் நிறுத்தி வைத்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பொதுப்பணம் வந்தது.

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஆறு நாடுகள் சேர்ந்து ஒரே பணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று பேசிப் பேசி, ஐந்து நாடுகள் சரி என்றுவிட்டன. ஆறாவது இந்த நாடு. ஜனங்களையே கேட்டுவிடுவோம் என்று அரசாங்கம் ஓட்டெடுப்பு வைத்தது. 'வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டே கட்டம். வேண்டும் என்று வந்துவிட்டால், ஒரு வருஷத்துக்குள் பழைய நோட்டுகள் அத்தனையும் வங்கிக்குப் போய், அங்கிருந்து மெஷினுக்குப் போய்த் தூளாகிவிடும். புது நோட்டில் ஆள் படம் எதுவும் இருக்காது. யார் முகத்தைப் போடுவது என்று ஆறு நாடுகளும் அடித்துக்கொண்டதில், கடைசியில் ஒரு பாலத்தின் படத்தில் வந்து நின்றார்கள். அந்தப் பாலமும் எந்த நாட்டிலும் கிடையாது.

அண்ணன் 'வேண்டும்' கட்சி. அவன் லாரி ஓட்டுகிறவன். மூன்று எல்லைகளைத் தாண்டிச் சரக்கு கொண்டுபோகிறவனுக்கு ஒவ்வொரு எல்லையிலும் பணம் மாற்ற வேண்டும். ஒவ்வொருவனும் நூற்றுக்கு மூன்று நான்கு என்று தின்றுவிடுவான்.

"இங்கேருந்து நூறு எடுத்துட்டுப் போய், எதுவும் வாங்காம, மாத்தி மாத்தி திரும்பி வந்தா எண்பத்தி ரெண்டுதான் இருக்கு" என்றான் போனில். "மீதிய யார் சாப்பிட்டா? நானா சாப்பிட்டேன்?"

"அம்மா படம் போயிடுமேண்ணா."

"அம்மாவே போயாச்சு."

சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். டயர் விலையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வைத்துவிட்டான்.

'வேண்டாம்' கட்சிக்கு அந்த ஊரில் தலைவர் மருந்துக்கடைக்காரர். நல்ல மனிதர், பொய் பேசத் தெரியாதவர், எதையும் மருந்துச் சீட்டு மாதிரியே சொல்வார். ஒரு மாலை அவள் வீட்டுக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பணம்ங்கறது வீட்டுச் சாவி மாதிரிம்மா" என்றார். "நமக்கு ஒரு கஷ்டகாலம் வந்தா, நம்ம பணத்த நாமளே கொஞ்சம் ஏத்தி இறக்கி சமாளிச்சுக்கலாம். சாவிய ஆறு பேருக்குப் பொதுவா வச்சுட்டா, நம்ம வீட்டுக் கதவத் திறக்க இன்னொருத்தன் வாசல்ல நிக்கணும். பெரிய நாடு ரெண்டு இருக்கு அதுல. வட்டி என்ன, விலை என்னன்னு அவங்க சொல்றதுதான். என் கடைக்கு வர்ற கிழவங்க பென்ஷன் என்னாகும், சொல்லுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அண்ணன் சொன்னதிலும் இருந்தது. டிக்கெட்காரிக்கு இரண்டு நியாயமும் தூரத்தில் போகும் பஸ் மாதிரிதான் தெரிந்தன.

"இதெல்லாம் சொன்னா ஜனங்களுக்குத் தூக்கம் வருது" என்று அவரே ஒப்புக்கொண்டார். "அதான் உங்க அம்மா படத்தப் பெருசா போடலாம்னு இருக்கோம். 'இவளை அழிக்காதே'ன்னு ஒரே வரி. மகள் நீங்க ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா சட்டத்துக்கும் சரி, மரியாதைக்கும் சரி. ஓட்டெடுப்புக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை மைதானத்துல கூட்டம். ரெண்டே ரெண்டு வார்த்தை பேசுங்க, சாப்பாட்டுக்கு அப்புறம்தான்."

அம்மா வருவது நின்றுவிடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாளில் ஊர்ச் சுவரெல்லாம் அம்மா. டிப்போவுக்கு எதிரே இருந்த சிமெண்ட் குடோன் சுவரில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒன்று ஒட்டினார்கள். கவுன்டர் கம்பி வழியாகப் பார்த்தால் நேரே அம்மா முகம். முதல் நாள் டிக்கெட்காரி இரண்டு பேருக்குத் தப்பான மீதி கொடுத்தாள். நோட்டில் மயிரிழையாக இருந்த கோடுகள் அம்மாவின் கன்னத்தில் கயிறு கயிறாய்த் தெரிந்தன. பலகையில் இருந்த விளக்குகள் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகியிருந்தன. எல்லாம் கறுப்பு, ஒன்று மட்டும் வெள்ளை. பேப்பர் அங்கே கிழிந்திருக்கிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் கவுன்டர் வரிசையில் நாலாம் நம்பர் அத்தை வந்து நின்றாள். டெலிபோன் நிலையத்தில் ஆபரேட்டர்களுக்குப் பெயரெல்லாம் பீரோவில் இருக்கும் பதிவேட்டோடு சரி. எந்த இருக்கையோ அதுதான் பெயர். டிக்கெட்காரியின் அம்மா ஐந்தாம் நம்பர். பக்கத்து இருக்கைக்காரி நாலாம் நம்பர். சின்ன வயதில் பிள்ளைகள் அதோடு ஓர் அத்தையைச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது எழுபது வயது. கண்ணில் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"மக வீட்டுக்குப் போறேன். ஒரு டிக்கெட் குடு கண்ணு" என்றவள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தற்செயலாகத் திரும்பி எதிர்ச்சுவரைப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள். பின்னால் இருந்த ஆள் "பெரியம்மா, நகருங்க" என்றான். இன்னொருவன் பஸ் கிளம்புகிறது என்றான். அவள் காதில் எதுவும் விழவில்லை.

"அத்தை, டிக்கெட்" என்றாள் டிக்கெட்காரி.

"எரியுது" என்றாள் அத்தை.

"என்னது?"

"விளக்கு. மேலேருந்து ரெண்டாவது வரிசை, ஏழாவது. எரிஞ்சுக்கிட்டே இருக்கு பாரு."

டிக்கெட்காரி கவுன்டரை மூடி, 'மூடியுள்ளது' அட்டையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். வரிசை முனகிக்கொண்டே ஒன்றாம் கவுன்டருக்கு நகர்ந்தது. அத்தையின் கையைப் பிடித்து டிப்போவுக்குப் பின்னால் இருந்த ஊழியர் அறைக்குக் கூட்டிப்போனாள். ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குடம், சுவரில் டிரைவர்களின் சட்டைகள். இரண்டு டம்ளரில் டீ வந்தது. அத்தை டீயைத் தொடவில்லை.

"நோட்டுல கடுகளவு இருக்கும். யாருக்குத் தெரியும்? நானும் அவளும் மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தோம்" என்றாள். "இப்படிப் பெருசு பண்ணி ஒட்டுவாங்கன்னு கண்டேனா. இந்தக் கண் ஆபரேஷன் பண்ணிக்காமயே இருந்திருக்கலாம்."

பிறகு சொன்னாள். படம் எடுத்த அன்றைக்குப் பெரிய பெரிய ஆட்கள் வந்திருந்தார்களாம். பலகை முழுக்கக் கைகளாக இருந்தால் படம் நன்றாக வராது என்று போட்டோக்காரன் சொல்ல, எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொள்ளும்படி சூப்பர்வைசர் உத்தரவு போட்டார். ஐந்தாம் நம்பர் மட்டும் ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு போட்டோக்காரனைப் பார்க்க வேண்டும்.

"உக்காந்த உடனே கால் வந்து அந்த ஏழாவது எரிஞ்சுது. எந்த லைனுன்னு எங்களுக்குப் பாக்காமயே தெரியும். ஊருக்கு வெளிய இருந்துச்சே பிரசவ ஆஸ்பத்திரி, அது. அங்க ஆம்புலன்ஸ் கிடையாது. வேணும்னா எங்களத்தான் கூப்பிடணும், நாங்கதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் குடுப்போம்."

"எடுக்கலையா?"

"சூப்பர்வைசர் மூஞ்சியப் பாத்தேன். அசையாதேன்னு கண்ணாலயே சொன்னாரு. உங்க அம்மாவும் கடைக்கண்ணால பாத்துட்டா. அவ சிரிப்பு அப்படியே இறங்கிச்சு. போட்டோக்காரன் விடல. சிரிங்க, நல்லா சிரிங்கன்னான். சிரிச்சா."

"எவ்வளவு நேரம் அத்தை?"

"ஒம்பது நிமிஷம். எதிர்ல கடிகாரம் இருந்துச்சு. நான் அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்." அத்தை தன் வலது கையைப் பெஞ்சின் மேல் நீட்டிக் காட்டினாள். "அந்த ஏழாவது எனக்கும் எட்டும். இந்தக் கைக்கு எட்டும். நானும் எடுக்கல."

டிக்கெட்காரி டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஆடை படிந்துகொண்டிருந்தது. அதைக் கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"கடைசில எடுத்தீங்கல்ல?"

"அவதான் எடுத்தா. அந்தப் பக்கம் பேசின நர்ஸ் கத்தக்கூட இல்லையாம். 'இனிமே ஆம்புலன்ஸ் வேணாம்'னாளாம். அவ்வளவுதான்." அத்தை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "லைன் கோளாறுன்னு புத்தகத்துல எழுதினாங்க. நாங்க எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம். ரெண்டு வருஷம் கழிச்சு நோட்டு வருது. எதக் காட்டி வருது பாரு. அன்னைக்கு யாராவது ஒருத்தி பின்னால வந்து அவ தோள்ல ரெண்டு தட்டு தட்டியிருந்தா எழுந்திருப்பா. அந்த நேரத்துக்கு யாரும் வரல."

அத்தைக்கு அடுத்த பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு டிக்கெட்காரி திரும்பி வந்து கவுன்டரைத் திறந்தாள். எதிரே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்று மாலை வரை டிக்கெட் கொடுத்தாள். அழுகை வரவில்லை. நெஞ்சில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள், எதுவும் கைக்கு அகப்படவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மகள் இத்தனை நாளாக டப்பாவில் சேர்த்து வைத்தது அம்மாவின் சிரிப்பை இல்லை. அந்த ஒன்பது நிமிஷத்தை.

அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் ஏதோ ஓர் எல்லையில் லாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும் வரை பின்னால் ஹார்ன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப 'பத்தா குடுங்க'ன்னு சொன்னதெல்லாம்..." என்றான் கடைசியில்.

"ம்."

"மீன்காரிகிட்ட குடுத்துட்டேன்னு நான் ஓடுவேனே."

"ம்."

"வைக்கிறேன்" என்றான்.

மறுநாள் அவள் மருந்துக்கடைக்குப் போனாள். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றாள். படத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டதும் மருந்துக்கடைக்காரர் பதறிப்போனார்.

"அது இப்ப நம்ம ஊர் விஷயம் இல்லம்மா. தலைமைக் கமிட்டிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நாடு பூரா ஒட்டியாச்சு. டீக்கடை ரேடியோல கூட அந்த வரிதான். என்ன ஆச்சு, சொல்லுங்க?"

சொன்னாள். முழுவதும் சொன்னாள். மனிதர் கையிலிருந்த மாத்திரை அட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இனிமே அடிக்கறதுல அந்தப் புள்ளிய அழிச்சுடச் சொல்றேன். மத்த விளக்கு மாதிரி கறுப்பா ஆக்கிடலாம்."

"வேணாங்க."

"அப்ப இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இத வெளிய சொல்லாதீங்கம்மா. எங்க ஓட்டுக்காகச் சொல்லல. ஓட்டும் போகும், அது வேற. உங்க அம்மாவ யோசிங்க. நாளைக்கே ஊர் என்ன பேசும்? சூப்பர்வைசர் பேரு யாருக்கும் தெரியாது. போட்டோக்காரன் பேரும் தெரியாது. உங்க அம்மா மூஞ்சி எல்லாருக்கும் தெரியும்."

அவர் சொன்னது உண்மை. அதுதான் கொடுமை. ஒரு வார்த்தை சொன்னால் போஸ்டர்கள் எல்லாம் ஒரே நாளில் கிழிந்து இறங்கிவிடும், ஆனால் அம்மாவின் முகத்தில் சேறு விழுந்துவிட்டுத்தான் இறங்கும். சொல்லாமல் இருந்தால் அம்மா சுவரிலும் நோட்டிலும் விளக்கு எரிய எரியச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிக்கெட்காரி இருமலுக்கு மருந்து வாங்க வந்தவள் மாதிரி கவுன்டரில் கை வைத்து நின்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை நான் வரல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். சாத்தினாலும் மைதானத்து மைக் கேட்டது. "இந்தத் தாயின் மகள் இங்கே வந்து பேசுவதாக இருந்தது. துக்கம் தாங்காமல் அவரால் வர முடியவில்லை" என்றார் மருந்துக்கடைக்காரர். கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. அவள் வந்து பேசியிருந்தால்கூட அவ்வளவு அமைதி கிடைத்திருக்காது. மனிதர் பொய்யும் சொல்லவில்லை. துக்கம் என்று சொன்னார், எந்தத் துக்கம் என்று சொல்லவில்லை.

ஓட்டெடுப்பு அன்று அவள் சீக்கிரமே போய்விட்டாள். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் சாக்குத் துணியால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். உள்ளே சின்னப் பிள்ளைகளின் மேஜை ஒன்று, அதன் மேல் கயிற்றில் கட்டிய பேனா. சீட்டை மேஜையில் விரித்து வைத்தாள். பையிலிருந்து ஓர் இருபதை எடுத்து, பின்பக்கம் மேலே இருக்கும்படி சீட்டின் பக்கத்தில் வைத்தாள்.

அண்ணனின் எண்பத்திரண்டும் அவள் நினைப்பில் இல்லை, மருந்துக்கடைக்காரரின் சாவியும் இல்லை. நாட்டுக்கு எது நல்லது என்று அவளைக் கேட்டால் அன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அம்மாவின் இடது தோள் நோட்டில் விரல்நகம் அளவுக்குத்தான் இருந்தது. அதன் மேல் ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"எழுந்திரும்மா" என்றாள், உதடு அசையாமல்.

'வேண்டும்' என்ற கட்டத்தில் குறி போட்டுச் சீட்டை மடித்தாள். அப்போதும் அழவில்லை. வெளியே வந்து ஏழரை மணிக்குக் கவுன்டரைத் திறந்தாள்.

'வேண்டாம்' ஜெயித்தது. நூற்றுக்கு ஐம்பத்தொன்று. அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று பத்திரிகைகள் ஆளுக்கொன்றாய் எழுதின. வட்டி என்றார்கள், பென்ஷன் என்றார்கள். மருந்துக்கடைக்காரர் டிப்போவுக்கே வந்து கம்பி வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "உங்க அம்மாதாம்மா ஜெயிச்சுக் குடுத்தாங்க" என்றார். அவருக்குச் சந்தோஷம் பாதி, சங்கடம் பாதி. அவள் "சரிங்க" என்றாள். அவள் போட்ட ஒரு குறி இந்தப் பக்கம், அவள் போட்ட ஒரு கையெழுத்து அந்தப் பக்கம். கையெழுத்துத்தான் கனமாக இருந்துவிட்டது.

போஸ்டர்களை மழை வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தது. நோட்டை யாரும் கிழிக்கவில்லை. புதிதாக இன்னும் இரண்டு கோடி இருபதுகள் அடிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது.

மாதம் பிறந்து சம்பள நாள் வந்தது. டிப்போவில் சம்பளம் கையில்தான். கேஷியர் பெரியவர், ஆள் பார்த்துக் கொடுப்பவர். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டைத் தனியே எடுத்து வைத்தார்.

"உனக்காகவே எடுத்து வச்சேன்மா. எல்லாம் புது இருபது. மடிப்புக்கூட விழல."

கட்டின் மேல் அம்மா பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தாள். பலகையில் கடுகளவு வெள்ளை. டிக்கெட்காரி கையிலிருந்த துணிப்பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கம்பிக்கு உள்ளே நகர்த்தினாள். பிறகு கேஷியர் நீட்டிய கட்டையும் திருப்பி, கவிழ்த்து, டப்பாவின் பக்கத்தில் வைத்தாள்.

"இது எல்லாத்தையும் மாத்திக் குடுத்துடுங்க" என்றாள். "பத்தா குடுங்க."

கேஷியர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எச்சில் தொட்டு எண்ண ஆரம்பித்தார். பத்துகள் கட்டுக் கட்டாகக் கம்பிக்கு வெளியே வந்துகொண்டிருந்தன. கைப்பை செங்கல் வைத்ததுபோல உப்பியது. அதை மூட முடியாமல் அவள் அழுத்திக்கொண்டிருந்தபோது, மூன்று மாதமும் அதற்கு மேலும் எங்கோ நின்றுகொண்டிருந்த அழுகை கேட்காமல் கொள்ளாமல் வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் பார்க்க, பையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கேஷியர் எழுந்தே நின்றுவிட்டார். "என்னம்மா, எண்ணிப் பாத்தியா? குறையுதா?"

"இல்லைங்க" என்றாள். "சரியா இருக்கு."